காந்தம் இல்லாத சுவிட்ச்

மருதாளின் கருமாதி அன்று பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒருத்தி, இலையில் சோறு விழும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். "நல்லவதான். ஆனா புருசன் கை போனதுக்கப்பறம் புத்தி கொஞ்சம் அப்படி இப்படின்னு ஆயிருச்சு, பாவம். சும்மா நிக்கற மிஷினுக்குக் காவல் உக்காந்திருப்பாளாமா" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டேன். சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டேன், இல்லாவிட்டால் அங்கேயே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன்.

அங்கே கேட்காததை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் சாரதாமணி. மருதாளோடு ஒரே சலவைப் பட்டறையில் வருசக்கணக்காகத் துணி காயப் போட்டவள். அவள் புத்தி எங்கேயும் போகவில்லை. கடைசி வரைக்கும் இருந்த இடத்தில்தான் இருந்தது.

அவள் பெருமாநல்லூருக்கு வடக்கே ஒரு மானாவாரிப் பூமிக்காரர் மகள். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். இடுப்பில் தம்பி வேலுமணி. கன்னையனுக்குப் பெண் கேட்டு வந்தபோது, பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்காமல் இவளே வெளியே வந்து, "எந்தம்பியும் கூட வருவான். சம்மதமுன்னா வெத்தலை மாத்துங்க, இல்லீன்னா காப்பித்தண்ணி குடிச்சுட்டுக் கெளம்புங்க" என்றாளாம். வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். கன்னையன் மட்டும் சிரித்தானாம். "வரட்டுமுங்க, ஊட்டுல ஒரு ஆளு கூடத்தானே" என்றானாம். அந்த ஒரு பேச்சுக்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் பட்டறை நொய்யல் கரையில் இருந்தது. பனியன் கம்பெனிகளில் பின்னிய துணி பழுப்பாக வரும். அதை வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஊறப்போட்டு, நல்ல தண்ணீரில் அலசி, நீலம் போட்டு, வெள்ளைவெளேர் என்று காயவைத்துக் கொடுக்க வேண்டும். அலசிய துணி தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனக்கும். அதைப் பிழிய ஹைட்ரோ என்று ஒரு மிஷின். கல்யாண அண்டா அளவுக்கு ஓர் உருளை, சுற்றிலும் பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஈரத்துணியை உள்ளே அடுக்கி சுவிட்ச் போட்டால் சுழலும். சுழலுகிற வேகத்தில் துணி ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஓட்டை வழியாக வெளியே பீய்ச்சி அடிக்கும்.

அதை ஓட்டினவன் கன்னையன். சுவிட்சை நிறுத்தினாலும் ஹைட்ரோ உடனே நிற்காது. ஏறின வேகம் இறங்கும் வரைக்கும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் எங்கள் வாத்தியார் இதற்கு சடத்துவம் என்று ஒரு பேர் சொன்னார். ஓடுகிற பொருள், எதுவும் தடுக்காவிட்டால் ஓடிக்கொண்டே இருக்குமாம். பட்டறையில் பேர் தெரிந்தவர்களும் சரி, தெரியாதவர்களும் சரி, அந்த ஓட்டத்துக்கு எல்லாரும் பயந்தோம். கன்னையன் காலால் பிரேக்கை மிதித்து, உருளை அசையாமல் நின்ற பிறகுதான் குனிவான். ஒருநாளும் அவசரப்பட்டதில்லை.

எழுபத்திரண்டில் மழை பொய்த்தது. பைக்காராவில் தண்ணீர் விழுந்தால்தான் எங்களுக்குக் கரண்டு. அங்கே மலையில் அணை வற்ற வற்ற இங்கே மிஷின்கள் நின்றன. காலையில் போகும், மத்தியானம் வரும், வந்த சுவடு தெரியாமல் மறுபடி போகும். கரண்டு போனதும் ஆண்கள் டீக்கடைக்குப் போய்விடுவார்கள், பெண்கள் நாங்கள் துணி காயப் போடும் காட்டு ஓரத்து வேப்பமர நிழலில் சாய்வோம். கரண்டு வந்தது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? ஹைட்ரோ கூப்பிடும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் உண்டு. கரண்டு போனால் அது தானாகவே அணைந்துவிடும், மறுபடி ஆள் போய் அழுத்தினால்தான் ஓடும். ஹைட்ரோவுக்கு ஸ்டார்ட்டர் இல்லை. சுவரில் பழைய காலத்துக் கைப்பிடி சுவிட்ச் ஒன்று. மேலே தள்ளினால் ஓடும், கீழே இறக்கினால் நிற்கும். ஆள் தொடாவிட்டால் அது இருந்தபடியே இருக்கும். ஆகவே கரண்டு போகும்போது யாரும் அதை இறக்குவதில்லை. வேண்டும் என்றேதான் இறக்குவதில்லை! கரண்டு திரும்பினதும் ஹைட்ரோ கடகடவென்று தானே உறும ஆரம்பிக்கும். அதுதான் எங்கள் மணி. சத்தம் கேட்டால் விழுந்தடித்து ஓடிவருவோம். ஓடித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் மோட்டார் ஓடாமல் அலசத் தண்ணீர் இல்லை, பவுடர்த் தொட்டியில் நேரம் கூடக் கிடந்த துணி இற்றுப்போய்விடும். எங்கள் பட்டறை மட்டுமா, அந்தக் கரையில் பாதிப் பட்டறைகளில் இதே வழக்கம்தான்.

அந்த ஆவணியில் ஒருநாள் கரண்டு போயிற்று. நாலு மணிக்குத்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். உருளை தானாகச் சுற்றிச் சுற்றி ஓய்ந்து நின்றது. உள்ளே பாதி பிழிந்த துணி. வெயில் வீணாகிறதே, கையாலாவது பிழிந்து காயப் போடலாம் என்று கன்னையன் குனிந்து உள்ளே கையை விட்டான். மணி இரண்டரைகூட ஆகவில்லை, கரண்டு வந்துவிட்டது.

நான் அதற்கு மேல் சொல்லமாட்டேன். ஹைட்ரோ உறுமியது, நாங்கள் வழக்கம்போல ஓடிவந்தோம். வலது கை தோளோடு போய்விட்டது. உயிர் பிழைத்ததே பெரிய காரியம் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

முதலாளி பேர் சென்னிமலை. கெட்ட மனுசர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் அவர்தான் பார்த்தார். கன்னையனைக் காட்டில் துணிக்குக் காவல் போட்டார், ஆடு மாடு வந்து துணியை மிதிக்காமல் ஓட்டுகிற வேலை. எல்லாம் செய்துவிட்டு, எங்கே போனாலும் ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தார். "கரண்டு வருமுன்னு தெரியாதா? கண்ணு முன்னால சுவிச்சு இருக்குது, இவன் கையை உட்டா நான் என்ன பண்றது?" அந்த வார்த்தையை ஊரே வாங்கிக்கொண்டது. டீக்கடையில் கன்னையனின் அஜாக்கிரதை என்றார்கள், கோயிலில் அவன் கிரகம் என்றார்கள். சுவிட்சை ஏற்றி வைத்துவிட்டுப் போகிற வழக்கத்தை யார் ஏற்படுத்தினது என்று ஒருத்தராவது கேட்டார்களா? 

அதைவிடக் கொடுமை, கன்னையனே அதை நம்பிவிட்டான். பேச்சே போய்விட்டது. ஹைட்ரோ இருந்த கொட்டகைக்குள் அவன் மறுபடி காலெடுத்து வைக்கவில்லை. மருதாள் சோறு ஊட்டப்போனால், "நான் பண்ணுன தப்புக்கு நீ எதுக்குப்புள்ள கஷ்டப்படறே" என்பானாம். அவள் என்னிடம் வந்து சொல்லிச் சொல்லி அழுவாள்.

காலியான ஹைட்ரோ வேலைக்கு முதலாளி வேலுமணியை வரச்சொன்னார். குடும்பத்துக்கு உதவி என்றுதான் நினைத்தார். மருதாள் முடியாது என்றாள். வேலுமணி மீசை முளைத்தவன், கேட்கவில்லை. "மச்சானும் ஒக்காந்தாச்சு, நானும் ஒக்காந்தா அடுப்புல என்ன எரியும்?" என்றான். மறுநாளே ஹைட்ரோவில் போய் நின்றான். அன்றையிலிருந்து மருதாளுக்கு வேறு நினைப்பே இல்லை. தம்பியின் கை போய்விடக்கூடாது. அவ்வளவுதான். அவன் தூங்கும்போதுகூட அவன் கையைத் தடவிப் பார்ப்பாள் என்று கன்னையன் பிற்பாடு சொன்னான்.

பட்டறைக்கு ஒயர் வேலைக்கு வருகிறவர் பசீர் அகமது. ஒருநாள் மோட்டார் ஸ்டார்ட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருதாள் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏனுங்க பாய், கரண்டு போனா இது மட்டும் எப்படித் தானா அணைஞ்சுக்குது?"

"உள்ளே ஒரு காந்தம் இருக்குதுங்கக்கா. இந்தக் கம்பிச்சுருள்ல கரண்டு ஓடற வரைக்குந்தான் அது காந்தம். அது வரைக்கும் இந்த இரும்பை இறுக்கிப் புடிச்சிருக்கும். கரண்டு போச்சுன்னா அதுக்குப் பலம் போயிரும், புடிச்சதை உட்டுரும். ஸ்பிரிங்கு இழுத்துக்கும்."

"ஹைட்ரோவுக்கு?"

"அதுக்குக் காந்தம் இல்லீங்களே. கைதான்."

"காந்தம் வெச்சுக் குடுங்க."

பசீர் சங்கடப்பட்டார். "நான் மொதலாளிகிட்ட ரெண்டு தடவை சொல்லிப்போட்டனுங்கக்கா. அதுக்கும் ஸ்டார்ட்டர் போட்டுட்டா கரண்டு வந்தது எப்படித் தெரியுமுன்னு கேக்கறாரு."

மருதாள் நேரே முதலாளியிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன், சண்டை வந்தால் பார்க்க வேண்டுமே! அவள் சண்டை போடவில்லை. "முதலாளி, அந்தக் காந்தம் பண்ற வேலைய நான் பண்ணிக்கறனுங்க. கரண்டு போனதும் சுவிச்சை நான் எறக்கிப்போடறேன். கொட்டகையில ஒரு பல்பு போட்டு உடுங்க. அது எரிஞ்சா நான் ஒரு தண்டவாளத்துண்டைத் தொங்கவுட்டு மணியாட்டத் தட்டறேன், எல்லாரும் வந்துருவாங்க. எனக்குக் கூலி ஒண்ணும் வேண்டாமுங்க."

முதலாளி சிரித்தார். "சென்னிமலை முருகன் காப்பாத்துவான், போம்மிணி."

"காப்பாத்துவானுங்க. சுவிச்சு எறக்க அவன் மலையை உட்டு வருவானுங்களா?"

முதலாளிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. போய்த் தொலை என்கிற மாதிரி கையை ஆட்டினார். பசீர் பல்பு மாட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கரண்டு போனால் நாங்கள் எல்லாரும் நிழலுக்குப் போவோம், மருதாள் மட்டும் சுவிட்சை இறக்கிவிட்டு, தகரக் கொட்டகை வெக்கையில் பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்கள் ஆட்களுக்குக் கேலிக்குக் கேட்கவா வேண்டும்? "பல்பு சாமியாரம்மா, எங்களுக்கும் ஒரு வாக்குச் சொல்லுங்க" என்பான் ஒருவன். "தம்பிக்கு இன்னும் தொட்டில் ஆட்டறா" என்பான் இன்னொருவன். வேலுமணிக்கு மானம் போயிற்று. "நான் என்ன கொழந்தையா? என்னையக் கேவலப்படுத்தவே உக்காந்திருக்கறயா அக்கா?" என்று கத்துவான். இரண்டு பேருக்கும் வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. அவனுக்குச் சோற்றை வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வாள். ஆனாலும் அடுத்த நாள் கரண்டு போனால் அதே இடத்தில்தான் இருப்பாள்.

ஒரு வருசம் போல இப்படிப் போயிற்று. பிறகு அந்தப் பாழாய்ப்போன பல்பு பியூஸ் ஆனது. கரண்டு எப்போதோ வந்துவிட்டது, பல்பு எரியவில்லை, இவள் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மோட்டாரும் ஓடவில்லை, ஹைட்ரோவும் ஓடவில்லை. பக்கத்துப் பட்டறை ஆள் வந்து, "என்ன, நீங்க இன்னும் தூங்கறீங்க?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. தொட்டியில் கிடந்தது காதர்பேட்டை பனியன் கம்பெனிக்காரர் மீரா சாகிபின் சரக்கு. எடுத்து இழுத்தால் நனைந்த காகிதம் போலக் கிழிந்தது. அந்த மனுசர் வந்து பார்த்துவிட்டு ஒரு சொல் சொல்லாமல் திரும்பிப் போனார். முதலாளிக்கு அதுதான் பெரிய அவமானம். அவர் போனதும் மருதாளைப் பார்த்து வெடித்தார்.

"இன்னிக்கோட உன்ற காவல் முடிஞ்சுது. சுவிச்சுப் பக்கம் உன்ற நெழல் பட்டாலும் அக்காளும் தம்பியும் வேலையை உட்டுப் போயிருங்க. பழையபடி ஹைட்ரோவே கூப்புடட்டும்."

 சரக்கு கெட்டது கெட்டதுதான், அதை மருதாள் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு துணி காயப் போட வந்துவிட்டாள். நான்தான், "பல்பு போனா வேற பல்பு மாட்டறது, மனுசன் கை போனா எதை மாட்டறது" என்று முணுமுணுத்தேன். முதலாளி காதில் விழுகிற மாதிரி சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம், உச்சி வெயிலில் கரண்டு போயிற்று. ஹைட்ரோ நிறையத் துணி. உருளை ஓய்ந்து நின்றது. சுவிட்ச் மேலேயே இருந்தது. முதலாளி அன்றைக்குப் பட்டறையில்தான் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "வேலுமணி, சும்மா நிக்காதே. துணியை வெளிய எடு. பொம்பளைங்க கையில புழிஞ்சு போடட்டும். வெயிலை உட்டுப்போட்டா நாளைக்குச் சரக்கு போகாது" என்றார்.

 கன்னையனுக்கு நடந்தது அப்படியே, அதே வெயில், அதே ஈரத்துணி. வேலுமணியும் ஒரு நிமிஷம் தயங்கினான். சுவிட்சைப் பார்த்தான்.

"அதை ஏண்டா பாக்கறே? அது இருக்கட்டும். நாலு மணி வரைக்கும் கரண்டு வராது. நாந்தான் சொல்றனே" என்றார் முதலாளி.

வேலுமணி குனியப்போனான். எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது, மருதாள் அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டு, உருளைக்குள் தன் வலது கையைத் தோள் வரைக்கும் விட்டாள். உள்ளே நடுத்தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ மருதா! என்ன பண்றே? கையை எடு!"

"எதுக்குங்க? கரண்டுதான் வராதுன்னு சொன்னீங்களே."

"எடுன்னா எடு!"

"நாலு மணிக்கு எடுக்கறனுங்க. நீங்க வேலையைப் பாருங்க முதலாளி."

அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வேலுமணி அவள் தோளைப் பிடித்து இழுத்தான், அவள் அசையவில்லை. "அக்கா, வேண்டாங்க்கா, உன்ற கால்ல உளுகறேன்" என்று கதறினான். பிறகு சுவிட்சைப் பார்த்து ஓடினான்.

"நில்றா!" என்றாள் மருதாள். "நீ தொட்டீன்னா நாளைக்கு உன்னைய வேலையை உட்டு நிறுத்துவாங்க, இன்னொருத்தன் தம்பி வந்து இதே எடத்துல குனிவான். தொட வேண்டியவங்க தொடட்டும்."

சத்தம் கேட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள். காட்டிலிருந்து கன்னையனும் வந்துவிட்டான். கொட்டகை வாசற்படியில் நின்றான். உருளைக்குள் பெண்டாட்டியின் கை.  வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். நான் முருகனைக் கூப்பிட்டேன், மாரியாத்தாளைக் கூப்பிட்டேன், எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

முதலாளி நின்ற இடத்திலேயே நின்றார். முகம் வேர்த்து ஒழுகிற்று. "வராதுன்னு நான் சொல்றனில்ல... வராதும்மிணி..." என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. மருதாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பக்கத்துப் பட்டறையில் யாரோ தகரத்தைக் கீழே போட்டார்கள். கடகடவென்று ஒரு சத்தம்.

முதலாளி பாய்ந்தார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வேட்டி அவிழ்ந்தது, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுவிட்சைப் பிடித்துக் கீழே இறக்கினார். இறக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். கரண்டு வரவில்லை. அன்றைக்கு நாலு மணிக்கு மேல்தான் வந்தது. ஆனால் வராது என்று சொன்ன மனுசர்தான் ஓடினார், அதை அங்கே இருந்த அத்தனை பேரும் பார்த்தோம்.

மருதாள் கையை வெளியே எடுத்தாள்.  வேலுமணி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் அவனிடம் பாசமாகப் பேசினாள். "அழுவாதே கண்ணு, எனக்கு ஒண்ணும் ஆகலையல்லோ" என்றாள்.

அப்போதுதான் கன்னையன் உள்ளே வந்தான். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேராகச் சுவரிடம் போனான். இடது கையால் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்து மேலே தள்ளினான். பிறகு கீழே இறக்கினான். மறுபடி ஒருமுறை மேலே தள்ளி, கீழே இறக்கினான். முதலாளி பக்கம் திரும்பினான். அவன் குரலை நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"இவ்வளவுதானுங்களா முதலாளி? இதுக்கு ஒரு கையே போதுமுங்களே."

முதலாளி தலையைத் தூக்கவில்லை.